கடாரத்திலிருந்து வந்தவர்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் வீரமுத்து இருபது வருஷமாக வழிகாட்டி. வருகிறவர்களிடம் நாள் முழுக்கப் பேசுவார். சாயங்காலம் ஜெயங்கொண்டத்து வீட்டைத் திறந்தால் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. மனைவி கண்ணகி இறந்து நாலு வருஷம் ஆகிவிட்டது.

அன்று மதியம் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி தனியாக வாடகைக் காரில் வந்திறங்கினாள். பள்ளி ஆசிரியை, லீவுக்கு ஊர் சுற்ற வந்தவள். வீரமுத்து தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வழக்கம்போல ஆரம்பித்தார். சோழன் கப்பல் கப்பலாகப் படையேற்றிப் போய்க் கடாரத்தை வென்று, அந்த ராஜாவையே யானைகளோடு பிடித்த கட்டம் வந்தபோது குரலை உயர்த்தினார். வழக்கமாக எல்லோரும் கை தட்டுவார்கள். அவள் தட்டவில்லை.

"நான் அந்த ஊர்தான்," என்றாள். "இப்போது கெடா என்கிறோம். மலேசியாவில் இருக்கிறது."



அவளுக்குக் கோபமில்லை. போனில் ஒரு படம் காட்டினாள். மலையடிவாரத்தில் பழைய செங்கல் அடித்தளம், சுற்றிலும் புல். "எங்களிடம் மிச்சம் இவ்வளவுதான். படை வந்த அன்றைக்கு அங்கிருந்த சனங்கள் என்ன ஆனார்கள்?"

"தெரியாது. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை."

 பிறகு, "வாங்க, ஒரு இடம் காட்டுகிறேன்," என்று அவள் காரிலேயே மாளிகைமேட்டுக்குக் கூட்டிப்போனார். யாரையும் அவர் அங்கே அழைத்துப் போவதில்லை. பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள். சோழனின் அரண்மனை இருந்த இடம். பள்ளத்தில் செங்கல் வரிசைகள் வெயிலில் கிடந்தன.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "இங்கே யாருடன் வருவீர்கள்?"

"மனைவி இருந்தவரைக்கும் அவளோடு வருவேன். கண்ணகின்னு பேரு. இந்த அமைதி அவளுக்குப் பிடிக்கும்."

நாலு வருஷத்தில் அந்தப் பெயரை அவர் இன்னொருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தலையசைத்தாள். அவள் தஞ்சாவூர் போக வேண்டும். கோயில் வரை கொண்டுவிடுவதாகச் சொன்னாள். வேண்டாமென்றுவிட்டார்.

கார் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பொழுது சாயக் கிளம்பிக் கோயிலை நோக்கி நடந்தபோது, கோயில் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் செல்லக்கண்ணு பின்னால் வந்து தன் பைக்கை நிறுத்தினார்.

"ஏறிக்கங்கண்ணே, வுட்டுட்டுப் போறேன்."

"நீ போப்பா. வூட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறேன், மெதுவா வரேன்."

பைக் சத்தம் அடங்கும் வரை நின்றிருந்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.