முதலில் பித்தளையில்

“பித்தளையிலயா? வண்டிக்குச் செய்யறியா, ஷோகேஸுக்குச் செய்யறியா?” என்றான் தம்பி.

அக்கா லேத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எந்தக் கருவியானாலும் முதலில் பித்தளையில் ஒன்று, பொருந்தினால் எஃகில் ஒன்று. அவள் பட்டறையில் அப்படித்தான்.

மேசைமேல் ஒரு பழைய காரின் தண்ணீர் பம்ப் இருந்தது. அதன் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், தண்டோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றாமல் உள்ளே தண்ணீர் கசியும் ‘சீல்’ வளையத்தை மாற்ற முடியாது. விளிம்பைப் பிடித்து இழுத்தால் வார்ப்பிரும்பு உடைந்துவிடும். புல்லியின் நடுத்துளையில் திருகு மரை இருந்தது. அதில் ஏறி உட்கார ஒரு கருவி இருந்தால், அதன் நடு போல்ட்டால் தண்டைத் தள்ளிப் புல்லியை அலுங்காமல் எடுத்துவிடலாம். அந்தக் கருவி எங்கும் விற்பதில்லை. பம்ப்பும்தான்.

கார், தம்பி கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் அப்பாவுடையது.

“பொண்ணைத் தர ஒரு நாள்தான் யோசிச்சாரு, அக்கா. இந்தப் பம்பைத் தர ஒரு மாசம்.”

“இதை உடைச்சேன்னா ரெண்டுமே கிடையாது.”

கருவி தயாரானது. விரலால் திருப்ப, சில சுற்று சுகமாக ஏறியது. பிறகு இறுகியது. அவள் எண்ணெய் எடுக்கத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் கிரீச்சென்றது.

“ஸ்பேனரை ஏன்டா வச்சே?”

“கொஞ்சம்தான் டைட்டா இருந்துது…”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மரையின் பல் இடைவெளி அளக்கும் தகடுகளில் ஒரு மில்லிமீட்டர் தகடு கச்சிதமாக உட்கார்ந்தது, அதை நம்பிவிட்டாள். பழைய வண்டிக்கு அங்குலக் கணக்கு. அங்குலத்துக்கு இருபத்தாறு பல். இரண்டுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். முதலில் தெரியாது, போகப் போகப் பல்லோடு பல் மோதும்.

“தப்பு என்னுது. முரட்டுத்தனம் உன்னுது. நகரு.”

மெல்லப் பின்னால் திருப்பினாள். தூள் உதிர்ந்தது. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

“மரை போச்சாக்கா?”

அவள் கீழே வெள்ளைத் தாளை விரித்தாள். “கறுப்பா விழுந்தா புல்லி. மஞ்சளா விழுந்தா நம்ம கருவி.”

கருவி வெளியே வந்தது, பல்லெல்லாம் சிதைந்து. துளைக்குள் பிரஷ்ஷை விட்டுத் தட்டினாள். மஞ்சள். மறுபடி தட்டினாள். மஞ்சள். விளக்கடித்துப் பார்த்தாள். புல்லியின் மரை முழுசாக இருந்தது.

அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“எஃகா இருந்திருந்தா?” என்றான் தம்பி.

“நீ வேற பொண்ணு பாத்துக்கிட்டிருப்பே.”

சிதைந்த கருவிக்கு அவன் பெரிய கும்பிடாகப் போட்டான். அவள் சிரித்துவிட்டாள்.

இருபத்தாறு பல்லில் மறுபடி பித்தளை. ஒரு விரலால் அடிவரை ஓடியது. அதன்பிறகு எஃகு. நடு போல்ட்டை முறுக்கினாள். டொக். புல்லி அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

போன் அடித்தது. பெண்ணின் அப்பா. நேற்றுவரை அவரை ‘சார்’ என்றவன், “கழண்டுடுச்சு மாமா!” என்று கத்தினான்.

மறுமுனையிலிருந்து அவர் குரல்:

“அக்காகிட்ட குடுங்க மாப்ளே.”

அவள் வாங்கினாள்.

“ஒண்ணும் ஆகலையேம்மா?”

“ஒரு கீறல்கூட இல்லைங்க. உங்க மாப்பிள்ளை கிட்டவே வரலை.”