அச்சகக் கணினியில் ஒரு சொல்

தமிழ் எழுத்துக்குப் பதில் மறுபடியும் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. நதீஷா ஓங்கி அடித்த அடியில் மடிக்கணினியே ஆடியது.

குண்டசாலை வீட்டின் முன்னறையில் அப்பா வின்சன்ட் பெட்டிக்குள் கிடந்தார். டொரதி அத்தை ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். நாளை மூன்று மணிக்கு அடக்கம். மரண அறிவித்தல் அடிக்கவேண்டிய வத்தேகம அச்சகம் சனிக்கிழமை பன்னிரண்டுக்குப் பூட்டிவிடும். இப்போது பதினொன்று இருபது.

"சிங்களத்துலயே அடிச்சிட்டுப் போயேன்," என்றான் அண்ணன் றொமேஷ். "நோட்டீஸ்தானே."

"அம்மா செத்தப்பவும் இதத்தான் சொன்ன. சிங்களம் வாசிக்கத் தெரியாத தோட்டத்துச் சனம் எத்தன பேர் வந்தாங்க? பெட்டி தூக்க ஆளில்லாம வேன் டிரைவரக் கூப்பிட்டியே, மறந்துட்டியா?"

றொமேஷ் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனான்.

அச்சகத்தில் தமிழ் அடிக்கும் றமீஸா லீவு. முதலாளி ஹில்மி நானா பேசுவது தமிழ், படித்தது சிங்களத்தில். அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ஒட்டி, தோட்டத்தின் பெயரைப் பாதியில் வெட்டியிருந்தான். அதனால்தான் அவனுடைய லினக்ஸ் கணினிக்குள் இவளே இங்கிருந்து இணையம் வழியாகப் புகுந்திருந்தாள். அவளுக்குச் சோறு போடும் வேலையே இதுதான். ஜப்பான்காரனுக்கு ஜப்பான் எழுத்தை வரவைத்துக் கொடுத்தவளுக்கு, பெற்ற அப்பனுக்கு நாலு வரி தமிழ் வரமாட்டேன் என்கிறது.

நேற்று விடியவும் அந்த ஜப்பான்காரனோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அப்பா தண்ணி கேட்டார். "கொஞ்சம் இருங்கப்பா," என்றாள். கிளாசோடு போனபோது அப்பாவுக்கு மூச்சில்லை.

போனில் ஹில்மி இழுத்தான். "தங்கச்சி, இங்க இன்னும் பொட்டிதான் வருது. நான் பூட்டோணும்."

"பூட்டினா வந்து கதவ உடைப்பேன், நானா."

"உடைங்க. பழைய கதவுதான்."

அப்போதுதான் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். அவள் மடிக்கணினியிலும் தமிழ் விசைப்பலகை, அங்கேயும் தமிழ் விசைப்பலகை. இங்கே தமிழாகிப் போனதை அந்தப் பக்கம் திரும்பவும் தமிழாக்கப் பார்த்துக் குழம்பியிருக்கிறது. வேலைக்குப் புதிதாக வந்தவன் இப்படிச் செய்திருந்தால் திட்டிக் கிழித்திருப்பாள்.

தன் பக்கத்தை ஆங்கிலத்துக்கு மாற்றினாள். அங்கே தமிழை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, கைக்கு வந்ததை அடித்தாள்.

தண்ணி.

முழுசாக, சுழியும் புள்ளியும் கலையாமல் நின்றது. அந்தப் பக்கத்தை மூடாமல் விட்டாள். பிறகு அறிவித்தலுக்குப் போய், அப்பாவின் பெயரிலிருந்து தொடங்கினாள்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு அச்சு ஓடும் சத்தம் போனில் கேட்டது.

"நூறு நோட்டீசும் அடிச்சாச்சு. தங்கச்சி, இதில வேற ஒரு பக்கமும் திறந்து ஈக்கு. ஒத்தச் சொல்லுதான். எனக்கு விளங்கல்ல. அழிக்கட்டா?"

முன்னறையில் ஜெபமாலை ஓய்ந்திருந்தது. வந்தவர்களுக்கு யாரோ கிளாசில் ஊற்றும் சத்தம்.

"இருக்கட்டும் நானா," என்றாள். "கொஞ்சம் இருக்கட்டும்."