இதுவும் இல்ல

ராயப்பன் இறந்து பதினொரு மணி நேரம் ஆகியிருந்தது. அவருடைய பாட்டுகள் இன்னும் மாறிக்கொண்டிருந்தன.

மடிக்கணினியை அரிசி டிரம்மின் மேல் வைத்துக் கலைமதி பார்த்தாள். திரையின் மூலையில் எண் ஏறியது. பதினாறு கோப்புகள் மாற்றப்பட்டன. பத்தொன்பது. இருபத்து நான்கு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘அப்பா கடை’ என்று வந்தது.

அப்பா கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார்.

அவள் மைக்செட் கடைக்கு போன் செய்தாள். இருபது வருடமாக அப்பாவோடு வேலை செய்யும் தென்னரசு எடுத்தார்.

“மாமா, கடை கம்ப்யூட்டர்ல யாரு உக்காந்துக்கினு இருக்காங்க?”

“நான்தாம்மா. சாவுக்குப் போட்ற பாட்ட பென்டிரைவ்ல ஏத்திக்கினு இருக்கேன். இன்னா?”

“பாட்டு பேரு எதனா மாத்துறீங்களா?”

“அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? உங்கப்பா மவுஸையே தொட உட மாட்டாரு.” அவரே தொடர்ந்தார். “திண்டிவனத்துல பாதி சாவுக்கு செட்டு போட்ட மனுசன். அவரு சாவுக்கு ஒயரு பத்தல பாரு.” சிரிக்கப் பார்த்தார். மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

அவளுக்குப் புரிந்தது. கடைக் கணினியிலும் அவளுடையதிலும் ஒரே நாற்பதாயிரம் பாட்டுகள். ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாறும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். விழுப்புரத்தில் ரத்தப் பரிசோதனை நிலைய வேலை, நேரமில்லை என்று சொல்லி மூன்று வாரமாக அவள் தன்னுடையதைத் திறக்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் அப்பா செய்ததெல்லாம் இப்போது வருகிறது.

பாட்டுக்குப் பெயர், பாடியவர், ஆண்டு போடும் மென்பொருளை அவள்தான் அவருக்குப் பழக்கினாள். குறிப்பு எழுதும் கட்டத்தை மட்டும் அவர் தன் வழியில் பயன்படுத்தினார். ‘கல்யாணம், பந்தி நேரம்.’ ‘சாவு, எடுக்குறப்ப.’ தொண்டையில் அறுவை செய்து பேச்சு போன பிறகு, அவளோடும் அந்தக் கட்டத்திலேயே பேசினார். ஏதோ ஒரு டப்பாங்குத்துப் பாட்டின் குறிப்பில் ‘சாப்டியா’ என்று இருக்கும். அவள் அதன் கீழே ‘சாப்ட்டேன்பா’ என்று எழுதுவாள்.

அம்மா சவுரியம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள்.

“கெடச்சுதாடீ?”

“பாக்குறேம்மா.”

“அஞ்சு மணிக்கு பாதர் வந்துடுவாரு. அதுக்குள்ள ஒரே ஒரு வாட்டி அவரு கொரல கேட்டுட்றேன். எனக்கு வேற எதுவும் வாணாம்.”

அப்பாவின் குரல் ஒரே ஒரு கோப்பில்தான் இருந்தது. வளவனூர் கோவிலில் கிறிஸ்துமஸுக்கு மைக் சரிபார்க்கும்போது பாடிய நாலு வரி. நடுவில் ஒரு இருமல். முடிவில், “ஏ சவுரி, அந்த பிளக்க புடுங்கு” என்று ஓர் அதட்டல்.

ஜூன் மாதம் ஒரு பாட்டின் குறிப்பில் அவர் கேட்டிருந்தார்: ‘என் பாட்டு காணோம்.’ அவள் பதில் எழுதினாள்: ‘இருக்கும்பா. பேரு மாறியிருக்கும். தேடிப் பாருங்க.’

எண் முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றது. முதல் கோப்பைத் திறந்தாள். பெயர் இல்லாத பாட்டு. குறிப்பில், ‘இது இல்ல.’

அடுத்தது. ‘இதுவும் இல்ல.’

‘இல்ல. நாதஸ்வரம்.’

‘முழுசா கேட்டேன். இல்ல.’

எல்லாம் பெயரில்லாதவை. கடைசிக் கோப்பின் தேதி நேற்று. ‘கண்ணு எரியுது. மீதி நாளைக்கு.’

“தெனம் சாயங்காலம் காதுல ஹெட்போன மாட்டிக்கினு உக்காந்துடுவாரு,” என்றாள் அம்மா. “இன்னாதான் கேக்குறன்னு கேட்டா, கலை இருக்குதுன்னு சொல்லியிருக்கா, தேடுறேன்னு எழுதிக் காட்டுவாரு. நேத்துகூட டீ ஆறிப்போச்சு.”

வாசலில் தென்னரசு வந்து ஸ்பீக்கரை இணைத்துவிட்டார். பாட்டு எதுவும் இல்லாமல் அது உம்மென்று இரைந்தது. வெளியே பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“இன்னாம்மா, ரெடியா? ஜல்தி. பூமால வந்துருச்சு.”

அம்மா தலையிலிருந்த முந்தானையை இழுத்துக் காதை வெளியே எடுத்தாள். மடிக்கணினியின் அருகில் குனிந்தாள்.

“போடு.”

இரைச்சல் நிற்கவில்லை. கலைமதி கணினியை மூடினாள்.

“அம்மா, அது இல்ல. மே மாசம் ஒரு நிமிசத்துக்குக் கம்மியா இருந்த பைலுங்கள எல்லாம் அழிச்சேன். அதுல இதுவும் போயிடுச்சு. இங்க அழிச்சா அங்கயும் அழிஞ்சிடும். அப்பா கேட்டப்பவே எனக்குத் தெரியும்.”