தெரியாது என்று சொல்லும் ஆட்டம்

தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்குவதைவிடப் பெரிய கஷ்டம் உலகத்தில் இல்லை என்பது கலைவாணிக்கு அந்த வாரம்தான் விளங்கியது. ஆந்திராவுக்குள் இருக்கும் தமிழ் ஊரான நெல்லிக்கண்டிகையின் அங்கன்வாடியில் பதினொரு வருஷமாக டீச்சர். வாய் திறக்காத பிள்ளைகளைப் பேச வைத்திருக்கிறாள். பேசுகிற பிள்ளைகளின் வாயை அடைக்க நேர்ந்தது இதுதான் முதல் தடவை.

"இது எத்தினி?" என்று முட்டை அட்டையைத் தூக்கிக் காட்டினாள். குழிக்கு ஒன்றாக ஏழு புளியங்கொட்டைகள் இருந்தன.

"ஏழு!" என்று பதினாறு பிள்ளைகளும் கூரை அதிரக் கத்தின.

"ஏழுன்னு சொல்லக்கூடாது கண்ணுங்களா. தெரியாதுன்னு சொல்லணும்."

"ஏழுதானே டீச்சர்?" என்றான் பிரவீன். ஐந்து வயதிலேயே வக்கீலுக்குப் படித்துவிட்டவன் அவன்.

"ஏழுதான். ஆனா திங்கக்கெழம திருப்பதிலேர்ந்து ஒரு அக்கா வரும். அது கேட்டா மட்டும் தெரியாதுன்னு சொல்லணும்."

"ஏன், அந்த அக்காவுக்கு எண்ணத் தெரியாதா?"

கலைவாணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இது ஒரு ஆட்டம்டா. யாரு நல்லா தெரியாதுன்னு சொல்றாங்களோ அவங்களுக்குக் கடலை உருண்டை."

கடலை உருண்டை என்றதும் வக்கீல் கட்சி மாறிவிட்டான். அன்று சாயந்திரத்துக்குள் சிவப்பு எது என்றாலும் தெரியாது, பெரிது எது என்றாலும் தெரியாது என்று ஆளுக்கு ஆள் போட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாரையும்விட அழகாகச் சொன்னது நாலரை வயது லாஸ்யா. தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை அகல விரித்து, "தெரியாது" என்றாள். அந்தப் பிள்ளையிடம் போயா இதைச் செய்கிறோம் என்று கலைவாணிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

இத்தனைக்கும் காரணம் ஒரு நீலப் பெட்டி. அதுவும் அவளிடம் இல்லாத பெட்டி.

சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தால் மனத்தில் நிற்கிறது என்று அரசாங்கப் பணத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. திருப்பதியிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தார் வந்து அறுபது அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். முப்பதுக்கு ஒரு நீலப் பெட்டி கொடுத்தார்கள். உள்ளே எண்ணும் மணிகள், கதைப் படங்கள், கையை விட்டுத் தடவிப் பார்த்தே என்னவென்று சொல்ல வேண்டிய ஒரு துணிப்பை என்று விதவிதமான விளையாட்டுச் சாமான்கள். மற்ற முப்பதுக்கு ஒன்றும் கிடையாது. எல்லாப் பிள்ளைகளையும் ஆரம்பத்தில் ஒரு தடவையும் ஒன்றரை வருஷம் கழித்து ஒரு தடவையும் சோதித்து, பெட்டியால் பலன் உண்டா என்று பார்ப்பார்கள்.

நெல்லிக்கண்டிகைக்குப் பெட்டி இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேல்புதூருக்கு உண்டு. மேல்புதூர் அங்கன்வாடி டீச்சர் யமுனா, கலைவாணியின் கூடப் பிறந்த தங்கை.

இந்த ஏற்பாட்டைச் செய்த பெரிய படிப்பாளிகளுக்கு அக்கா தங்கைகள் எதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள் என்று தெரியாமல் இருக்குமா? தெரியாது என்றுதான் கலைவாணி நினைத்தாள். யமுனா பெட்டியை ஊரை விட்டு வெளியே கொண்டுவரவில்லை, ஒரு மணியைக்கூடக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, "அக்கா, இன்னிக்கு ஒரு ஆட்டம் ஆடினோம் பாரு" என்று ஆரம்பிப்பாள். அவ்வளவுதான். திங்கட்கிழமை நெல்லிக்கண்டிகையில் மணிக்குப் பதில் புளியங்கொட்டை வந்துவிடும். அங்கன்வாடிக்கு வரும் முட்டை அட்டைகள் எண்ணும் பலகைகளாகும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கதைப் படமாகும். கிழிந்த ரவிக்கைத் துணியில் தைத்த பைக்குள் வெங்காயமும் சாவியும் சீப்பும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் பையால்தான் லாஸ்யா பேசினாள். சேர்ந்து ஆறு மாதமாக ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. தாய் பிரேமலதா காளஹஸ்திக்கு இரண்டு தடவை போய்ப் பூஜை செய்தாள், புத்தூரில் டாக்டரிடமும் காட்டினாள். ஒரு நாள் லாஸ்யா பைக்குள் கையை விட்டு, வெகுநேரம் தடவி, "வெங்காயம்" என்றாள். கலைவாணி அன்றைக்குச் சோற்றை அடுப்பில் விட்டுவிட்டுப் பிரேமலதாவின் வீட்டுக்கு ஓடினாள். அதன்பிறகு பிள்ளையின் வாய் ஓயவே இல்லை.

போன மாதம் கூட்டத்தில் சூப்பர்வைசர் வரலக்ஷ்மி மேடம் தெலுங்கில் ஒரு போடு போட்டார். பெட்டி இல்லாத ஊரில் பெட்டி விளையாட்டு நடந்தது என்று தெரிந்தால் ஆராய்ச்சி மொத்தமும் பாழ், கோடிக்கணக்கான அரசாங்கப் பணம் தண்டம், சொன்னவள் வேலையும் போகும் கேட்டவள் வேலையும் போகும் என்றார். கலைவாணி யமுனாவைத்தான் நினைத்தாள். தன் வேலையாவது போகட்டும். யமுனாவின் புருஷன் காலொடிந்து வீட்டில் கிடக்கிறான், அந்தக் குடும்பமே அவள் வேலையை நம்பி இருக்கிறது. அதனால்தான் இந்த ஆட்டம்.

திங்கட்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் பல்கலைக்கழகத்திலிருந்து மைத்ரேயி வந்து இறங்கினாள். திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பெண், இருபத்தாறு இருபத்தேழு வயசு, கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப். முட்டை அட்டைகளையும் பையையும் ஆயம்மா லட்சுமம்மா முந்தின நாளே அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டிருந்தாள்.

டேப் ஆறு பிள்ளைகளின் பெயரைப் பொறுக்கிக் கொடுத்தது. தாயோ தகப்பனோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. முதலில் பிரவீன் போய் உட்கார்ந்தான். மைத்ரேயி பாயில் பொத்தான்களைப் பரப்பி, எத்தனை என்றாள்.

"ஒம்போது" என்றவன் சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு கையை எடுத்துவிட்டு, "இல்ல இல்ல, தெரியாது" என்றான்.

மைத்ரேயி நிமிர்ந்து கலைவாணியை ஒரு பார்வை பார்த்தாள். கலைவாணி உடனே ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

இரண்டாவது பிள்ளை உளறியும் உளறாமலும் தப்பித்தது. மூன்றாவது லாஸ்யா. பிரேமலதா மகளுக்குத் தலைவாரிப் பூ வைத்து, பக்கத்தில் பெருமையாக உட்கார்ந்திருந்தாள். மகள் இன்றைக்கு அசத்தப் போகிறாள் என்று அவளுக்கு நம்பிக்கை. ஆட்டத்தைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"இது என்ன கலர்டா கண்ணா?"

"தெரியாது."

"இதுல பெரிசு எது?"

"தெரியாது."

"சரி, உன் பேரு என்ன?"

லாஸ்யா தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், கண்ணை அகல விரித்தாள். "தெரியாது."

பிரேமலதாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது. பன்னிரண்டு கேள்விக்கும் ஒரே பதில். டேப்பில் ஒரு சிவப்புப் பட்டை வந்து நின்றது. மைத்ரேயி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்கோம்மா. சித்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு தரேன். காது, பேச்சு எல்லாம் பார்ப்பா. போன தடவையும் இவ பேசலைன்னு இதுல இருக்கு."

"இல்ல மேடம், நேத்துகூட வூட்ல கடலைய எண்ணி எண்ணி துன்னுக்கினு இருந்துச்சே!" பிரேமலதாவுக்கு அழுகை பீறிட்டது. மகளைத் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பேரு சொல்லு லாஸ்யா! பேரு சொல்லும்மா! மறுபடியும் போச்சா டீச்சர்? என் கொழந்தைக்குப் பேச்சு மறுபடியும் போச்சா?"

லாஸ்யா தாயைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது, ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு வாயை இறுக்கி மூடியிருந்தாள். நான் சரியாகத்தானே ஆடுகிறேன் என்று கேட்பது போலிருந்தது.

கலைவாணியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வேலையும் ஆச்சு, சூப்பர்வைசரும் ஆச்சு. நேராகப் போய் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து முட்டை அட்டைகளையும் பையையும் இழுத்துக்கொண்டு வந்து பாயில் போட்டாள். புளியங்கொட்டைகள் அறை முழுக்கச் சிதறின.

"லாஸ்யா கண்ணு, ஆட்டம் முடிஞ்சிபோச்சு. நீதான் ஜெயிச்ச. இனிமே தெரிஞ்சத சொல்லு."

"கடலை உருண்டை?"

"ரெண்டு தரேன்."

லாஸ்யா பெருமூச்சு விட்டாள். அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. "என் பேரு லாஸ்யா. இது செவப்பு. இது பெர்சு, அது சின்னது. பட்டன் ஒம்போது, ஒண்ணு உன் கால்கிட்ட வுழுந்துகினுகீது, அத நீ எண்ணல." மைத்ரேயி குனிந்து பார்த்தாள். காலடியில் ஒரு பொத்தான் கிடந்தது.

பிரேமலதா மகளை மடியில் அள்ளிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், டீச்சரைப் பார்த்துத் திட்டவும் திட்டினாள். "இன்னா டீச்சர் இப்டி பண்ணிட்ட, என் உசுரே போயி வந்துச்சு!" கலைவாணி வாங்கிக்கொண்டாள். வாங்க வேண்டியதுதான்.

"இதெல்லாம் பெட்டியில இருக்கற விளையாட்டாச்சே" என்றாள் மைத்ரேயி, பையைத் தொட்டுப் பார்த்து. "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நானேதான் பண்ணேன்" என்று ஆரம்பித்த கலைவாணி பாதியிலேயே நிறுத்திவிட்டாள். பொய் சொல்லி ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுபோனது போதாதா? "மேல்புதூர் டீச்சர் என் தங்கச்சி மேடம். பெட்டிய அவ குடுக்கல. வாயால சொன்னா, நான் கேட்டுக்கினேன். சொன்னது தப்புன்னா கேட்டது அதவிட பெரிய தப்பு. என் வேலைய எடுத்துக்கோங்க. அவளுத வேணாம்."

மைத்ரேயி டேப்பில் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். பிறகு அதைத் திருப்பிக் கலைவாணியின் முகத்துக்கு நேரே காட்டினாள். தெலுங்கில் ஒரு கேள்வி இருந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஏதாவது விளையாட்டு உங்கள் மையத்துக்கு வந்ததா? வந்திருந்தால் யார் மூலமாக?

"இந்த ஒரு கேள்விக்காகத்தான் டீச்சர் உங்க ஊரை எடுத்தோம். பெட்டி இல்லாத முப்பதுல பாதி ரொம்ப தூரத்துல இருக்கு, அதை வச்சு பெட்டியோட பலனைப் பார்த்துப்போம். மீதிப் பாதி வேணும்னே பெட்டி இருக்கற ஊருக்குப் பக்கத்துல பொறுக்கினது. எல்லா ஊருக்கும் பெட்டி வாங்கிக் குடுக்க சர்க்காரால ஆகுமா? ஒரு டீச்சர்கிட்டேர்ந்து இன்னொரு டீச்சருக்குத் தானா பரவுமான்னு தெரிஞ்சுக்கணும். முன்கூட்டிச் சொன்னா எல்லாரும் வேணும்னே பண்ணுவா, அதான் சொல்லலை. பதினோரு ஊர் போயிட்டு வந்தேன், எல்லாரும் 'ஒண்ணும் வரலை'ன்னுட்டா. பரவவே இல்லைன்னு எழுதிடப் போறோம்னு பார்த்தேன்."

கொஞ்சம் நிறுத்திவிட்டு அவளே சிரித்துவிட்டாள். "அதுல நாலு ஊர்ல குழந்தைகள் இதே மாதிரிதான் 'தெரியாது, தெரியாது'ன்னு பாட்டுப் பாடித்து. என்னடா இதுன்னு எனக்கு ஒண்ணும் புரியலை."

"வேலை போவாதா?" என்றாள் கலைவாணி. அவளுக்கு அந்த ஒன்றுதான் காதில் விழ வேண்டியிருந்தது.

"யார் சொன்னா? நீங்க கையெழுத்துப் போட்ட காகிதத்துலயே இருக்கே."

லட்சுமம்மா பால் பாக்கெட் கணக்குப் பைலுக்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தாள். ஒன்றரை வருஷம் முன்னால் கலைவாணி படிக்காமலே கையெழுத்துப் போட்டு வைத்தது. இப்போதுதான் வரி வரியாகப் படித்தாள். பெட்டியை மையத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று இருந்தது. விளையாட்டைச் சொல்லக் கூடாது என்று எங்குமே இல்லை. யார் பெயரும் எழுதப்படாது, யார் சொன்னதும் எந்த அதிகாரிக்கும் போகாது, மையத்தின் எண் மட்டுமே குறிக்கப்படும் என்று கடைசியில் இருந்தது. மிச்சத்தையெல்லாம் சூப்பர்வைசர் மேடம் தன் பயத்தில் தானே சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

கலைவாணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. உள்ளங்கையில் ஒட்டியிருந்த புளியங்கொட்டையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். பிறகு யமுனாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, எல்லாம் தெரியாதுன்னு சொல்லிச்சுங்களா?" என்று அந்தப் பக்கம் பதறியது.

"எல்லாத்தையும் சொல்லிட்டோம்டி. ஒண்ணும் ஆவல. உன் வேலைக்கும் ஒண்ணும் ஆவல. நீ மொதல்ல சோறு துன்னு."

அந்தப் பக்கம் வெகுநேரம் விசும்பல் சத்தம் மட்டும் கேட்டது. கலைவாணி போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மைத்ரேயி சோதனையை மறுபடி முதலிலிருந்து நடத்தினாள். லாஸ்யாவின் பக்கத்தில் பச்சைப் பட்டை வந்தது. பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்விதான் பாக்கி.

"இதெல்லாம் உனக்கு யாருடா கண்ணா சொல்லிக் குடுத்தா?"

லாஸ்யா வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள். டீச்சர் பக்கம் திரும்பி ரகசியமாகக் கேட்டாள். "இதுக்குத் தெரியாதுன்னு சொல்லணுமா டீச்சர்?"

"வேணாம் கண்ணு. சொல்லு."

"எங்க டீச்சர்" என்றாள் லாஸ்யா, பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படி.

மைத்ரேயி டேப்பில் மையத்தின் எண்ணைத் தட்டினாள். கலைவாணி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எண் மட்டுந்தானா மேடம்? பேரு போடமாட்டீங்களா? என்னுது இல்லன்னாலும், யமுனான்னு தங்கச்சி பேராச்சும்?"