மணிகண்டபிரபுவின் பெருவிரல்

…ஆனால் நிக்காஹ் ஓதிவைக்க வந்த ஹஸ்ரத் அன்றைக்கு அவ்வளவு நேரம் இழுத்திருக்க வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், முஃபீதும் சொன்னான், மாலையோடு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வேறென்ன சொல்வான்… மணப்பெண் சஃப்ரினின் அத்தா சவூதியில், தம்மாமில், விடுப்பு கிடைக்கவில்லை, தன் சார்பில் பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பை அண்ணன் யாக்கூபிடம் ஒப்படைத்திருந்தார், ஊருக்கே தெரிந்த சங்கதி, ஆனாலும் ஹஸ்ரத் போனைப் போடச் சொன்னார், திரையில் முகம் தெளியும்வரை காத்திருந்தார், பெயர் கேட்டார், தகப்பன் பெயர் கேட்டார், யாரை அனுப்பியிருக்கிறீர்கள், இந்த ஒரு நிக்காஹுக்கு மட்டும்தானே என்று கேட்டார், சாட்சிகளைத் திரைக்கு முன்னால் இழுத்துவைத்துத் திரும்பவும் முதலிலிருந்து கேட்டார், பிரியாணி ஆறிப்போனது… இதெல்லாம் முஃபீதுக்கு இப்போது ஏன் நினைவுக்கு வருகிறது, குற்றாலத்தில், சாரலில், எண்ணெய் தேய்க்கும் கொட்டகை வாசலில் காய்ந்த உடம்போடு குடை பிடித்து நிற்கும்போது?

உள்ளே மரப்பலகையில் குப்புறக் கிடந்தார் மணிகண்டபிரபு, கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர், கூட்டங்களில் விஷன், ஸ்ட்ராட்டஜி என்று உருளும் அந்தக் குரலிலிருந்து எண்ணெய் தேய்க்கிற மாடன் முதுகில் அறையும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு ‘யம்மா’ கழன்று விழுந்துகொண்டிருந்தது. மொத்தக் குழுவையும் சீசனுக்கு அழைத்து வந்திருந்தார், லாட்ஜ் வாசலில் பேனர், ‘நம்பிக்கையின் புதிய யுகம்’, படம் அவருடையது மட்டும். யுகம் இன்று பகல் தொடங்க வேண்டும், அவர் போனில் ஒப்புதல் கொடுத்தால் தொடங்கிவிடும். பல மருத்துவமனைகளின் கணினிகளை இணைத்த கிரிட் அது, நோயாளிகளின் ஸ்கேன் படங்களை இரவெல்லாம் அலசும், அனுப்பிய டாக்டர் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார், அவர் கொடுத்த வேலை மட்டும் இயந்திரம் இயந்திரமாக நடக்கும், கையில் அவர் தந்த சின்னச் சான்றிதழ்: இவன் என் ஆள், விடியும்வரை மட்டும். பழைய மென்பொருள் கிழடு, முனகும், ஆனால் ஒவ்வொரு வாசலிலும் அனுப்பியவர் யார், அவரை அனுப்பியவர் யார் என்று நூல் பிடித்துக்கொண்டு பின்னால் போகும், ஹஸ்ரத் மாதிரி. அதன் இடத்துக்கு இன்று வரவேண்டிய புதிய ஜாவா வெப் சர்வீஸுக்கு நேரில் வந்தவரைத்தான் தெரியும், அனுப்பப்பட்டவரைத் தெரியாது, எல்லா வேலையையும் திருப்பி அனுப்பியது… சோதனை ஓடினால் போதுமென்று, யார் வந்தாலும் ‘ஆமாம்’ சொல்லும்படி ஒரு வரியை நுழைத்தார்கள். இன்று காலை டீக்கடையில், குழுவிலிருக்கும் செங்கோட்டைக்காரி வேல்விழி சொன்னாள், அந்த வரிய நீங்க எடுத்துட்டியன்னுல்லா நெனச்சேன் என்று. முஃபீதோ அவள் எடுத்துவிட்டாள் என்று நினைத்திருந்தான்.

குழுவில் யார் வேண்டுமானாலும் தன் போனிலிருந்து தன் பெயரில் ஆட்சேபம் பதியலாம், பதிந்தால் மாற்றம் நின்றுவிடும், பேனரில் போடாத நல்ல விதி, இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. ஆனால் மணிகண்டபிரபுவிடமே சொல்லிவிட்டானே, வாயால் சொல்லிவிட்டான்.

“சார், அந்தச் சரிபார்ப்பு இன்னும் தெறந்தே கெடக்கு. யார் வந்தாலும் உள்ள விட்டுரும்.”

“சோதனைல பச்சை காட்டுதா இல்லையாலே?”

“காட்டுது.”

“பொறவென்ன. ஓடட்டும், அடுத்த வாரம் அடைச்சுக்கிடலாம். நீ இங்கனயே இருந்து வேலை பாக்கணும்னுதான கேட்ட? சென்னைல ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கு, பாத்துக்க.”

சஃப்ரினுக்கு ஏழாம் மாதம், குத்துக்கல்வலசை வீட்டில் தொட்டிலுக்குக் கொக்கி மாட்டியாகிவிட்டது, சென்னை என்றால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் கஷ்டம்… மணிகண்டபிரபு பலகையிலிருந்து கையை நீட்டிப் போனில் பெருவிரலை வைத்தார், போன் அவரைத் தெரியாது என்றது, துண்டில் துடைத்து வைத்தார், மறுபடியும் தெரியாது என்றது, பாதுகாப்புத் தலைவரை அவ்வளவு கறாராக யாரும் கேட்டதில்லை. எண்ணெய்லே, நீயே எனக்காக அழுத்திரு, நான் பொறந்த வருஷந்தான் நம்பர் என்று வருஷத்தையும் உரக்கச் சொன்னார், மாடனுக்குக் கேட்டது, அடுத்த பலகையில் கிடந்த கேரளக்காரருக்கும் கேட்டது. “அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரு செட்டுல்லா சார்,” என்றான் மாடன், “அசையாதிய.”

இப்போது அருவிக்கரையில் கம்பித் தடுப்புக்கு வெளியே முஃபீத், கையில் பாலித்தீன் உறைக்குள், குளிக்கப் போன மணிகண்டபிரபுவின் போன். போலீஸ்காரர் விசில் ஊதி ஆட்களை உள்ளே விட்டார், வெளியே தள்ளினார், ஈரத் துண்டோடு அத்தனை முதுகுகள், இதில் யுகத்தின் முதுகு எது? நான்கு எண்களை அடித்தான், போன் உடனே திறந்தது, வாங்க மணிகண்டபிரபு என்றது. ஒப்புதல், நிராகரி, இரண்டு பொத்தான்கள்… யாரென்று கேட்காத வாசலுக்குப் பின்னால் எத்தனை பேருடைய ஈரல், எத்தனை பேருடைய கர்ப்பப்பை, படம் படமாக… தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தலை திரும்பியது, அவர்தான், கண்ணைத் திறக்க முடியாமல் பெருவிரலை உயர்த்தினார், ஆச்சா என்று கேட்கிற விரல். முஃபீத் நிராகரி என்பதை அழுத்தினான். பிறகு தன் பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

மணிகண்டபிரபு நிராகரித்துவிட்டார், நன்றி என்றது போன். அவ்வளவுதான், யாரும் எதுவும் கேட்கவில்லை, மனசு ஒரு நிமிஷம் லேசானது, காற்று சாரலை முகத்தில் அடித்தது, அப்போதுதான் தொடையில் ஏதோ அதிர்ந்தது… நிராகரித்த செய்தி குழுவிலுள்ள எல்லோருக்கும் போகும், அவனுக்கும் வந்திருக்கிறது. தன்னுடைய போன் இவ்வளவு நேரமும் கால்சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது, தன் பெயரில் ஆட்சேபம் பதிய யாருடைய நம்பரும் தேவையில்லை, அவன் விரல் போதும். விரலைப் பார்த்தான். அதில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை.