ஒரே நம்பரில் இரண்டு பெண்கள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு எழுதத் தொடங்கிய ஒருவருக்குப் போன மாதம் ஒரு பரிசு கிடைத்தது. வாழ்த்துச் சொல்லி போனை வைத்த கையோடு எழுத உட்கார்ந்தேன். அந்த எரிச்சலை யார் தலையிலாவது கட்ட வேண்டியிருந்தது. பெமிலா அகப்பட்டாள்.

நான் எழுதிய முதல் தொடக்கம்: ‘தக்கலையில் அந்த மாடி அலுவலகத்தின் ஜன்னல் வழியே மலைக்காற்று மெல்ல –’

அடித்துவிட்டேன். அங்கே ஏசி. ஜன்னலைத் திறப்பதே இல்லை.

2

பெமிலாவுக்கு முப்பத்து நான்கு வயது. சுயம்புராஜின் சிறிய நிறுவனத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். வேலைவாய்ப்பு முகாம்களை நடத்திக்கொடுப்பது அவர்கள் தொழில். வருகிறவர்கள் ஆன்லைன் படிவத்தில் பதிவார்கள். நேர்முகத்துக்கு டோக்கன் போடுவது வேறொரு மென்பொருள். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இதில் வந்த பெயர்களை ஒவ்வொன்றாக அதில் ஏற்றுவதுதான் பெமிலாவின் வேலை. மூன்று நாள் பிடிக்கும். தான் இல்லாமல் முகாம் இல்லை என்று நினைத்திருந்தாள். சுயம்புராஜும் அப்படித்தான் சொல்லிவந்தார்.

பிறகு ஷைஜா வந்தாள். மஸ்கட்டில் வளர்ந்தவள், இருபத்தாறு வயது. ஒரே மதியத்தில் இரண்டையும் இணைத்துவிட்டாள். படிவத்தில் பெயர் விழுந்தால் டோக்கன் பட்டியலிலும் தானாக விழும்.

“மூணு நாள் வேலைய மூணு நிமிசத்துல முடிச்சிட்டா. பாத்தியா பெமிலா!” என்றார் சுயம்புராஜ்.

அதைத் தன்னிடமே கேட்டாரே என்று பெமிலாவுக்கு வயிறெரிந்தது.

3

[ஷைஜாவைத் திமிர் பிடித்தவளாக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் பெமிலாவை வாய் நிறைய அக்கா என்கிறாள். பொரித்த மீனில் பெரிய துண்டை எடுத்து இவள் தட்டில் வைக்கிறாள். பெமிலாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. நல்லவளைப் பார்த்துப் பொறாமைப்படுவதுதான் பெரிய கொடுமை, திட்டக்கூட வழியில்லை.]

4

முகாமுக்கு முந்தைய நாள். படிவத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர், டோக்கன் பட்டியலில் முந்நூற்று எழுபத்தொன்று.

“மிச்சம் நாப்பத்தொண்ணு எங்க?” என்று கேட்டார் சுயம்புராஜ்.

“டூப்ளிகேட் சார். ஒரே போன் நம்பர் ரெண்டு தடவ வந்தா ஒரே ஆளுன்னு எடுத்துக்கும். கடைசியா வந்தத மட்டும் வெச்சுக்கும்” என்றாள் ஷைஜா.

“கொள்ளாமே!” என்று மெச்சினார் அவர்.

பெமிலா தலை நிமிரவில்லை. அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. இந்தப் பக்கத்து வீடுகளில் பெண்பிள்ளையின் நம்பரை வெளியாட்களுக்குக் கொடுப்பதில்லை. கையில் சொந்த போன் இருந்தாலும் படிவத்தில் அப்பா நம்பர்தான். பெமிலாவே கல்யாணம் வரை அப்படித்தான் எழுதினாள். அக்காவும் தங்கையும் பதிந்தால் நம்பர் ஒன்றாகத்தான் இருக்கும். கையால் ஏற்றிய காலத்தில் அவள் இருவரையும் ஏற்றினாள். அதை ஒரு திறமை என்று யாரும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை.

உடனே சொல்லியிருக்கலாம். ‘அவள் வாயைத் திறந்தபோது கரண்ட் போய் –’ என்று எழுதினேன். சீ, என்ன கோழைத்தனம். கரண்ட் போகவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நாளைக்கு வாசலில் நாற்பத்தொரு பேரும் கத்தட்டும், சார் பதறி ஓடி வரட்டும், அப்போது எல்லாவற்றையும் சரிசெய்வோம் என்றிருந்தாள். ‘பெமிலா இல்லேன்னா என்ன ஆயிருக்கும்’ என்று அவர் ஷைஜாவின் காதுபடச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

5

சனிக்கிழமை காலை பெமிலா வாசல் மேசையில் உட்கார்ந்தாள். இராஜாக்கமங்கலத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அக்கா ரீத்தா, தங்கை லிஜா.

“லிஜா, பத்தேகால்” என்றாள் பெமிலா. “ரீத்தா... பேரு இல்லியே.”

சொல்லிவிட்டு, கத்தப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

ரீத்தா கத்தவில்லை. முகம் மட்டும் சுண்டியது. “நான் ஒழுங்கா பதிஞ்சிருக்க மாட்டேன்க்கா.” தங்கையிடம் திரும்பினாள். “ஏட்டி, நீ உள்ள போ. உனக்க பைய இங்க தா.”

“நாம ஒண்ணாத்தானக்கா பதிஞ்சோம்?”

“போ மக்களே, நேரமாவுது” என்று தங்கையைச் செல்லமாகத் தள்ளிவிட்டாள்.

இப்படியே ஒவ்வொருத்தியாகப் போனார்கள். பதினேழு பேர்.* ஒருத்தி பெமிலாவிடம் மன்னிப்புக்கூடக் கேட்டாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெமிலாவின் திட்டத்தோடு என் திட்டமும் சேர்ந்து கெட்டது.

சுயம்புராஜ் ஒரு சுற்று வந்தார். “ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல, கேட்டியா! ஷைஜா, இனி எல்லா முகாமுக்கும் இதத்தான் போடணும்.”

ஷைஜா பெமிலாவைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாள்.

* எண்ணியது நான். பெமிலா பத்துக்குமேல் எண்ணவில்லை.

6

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பெமிலா அழுகிறாள். அழுகை மலிவு. இன்னொன்றில் ஷைஜாவே தப்பைக் கண்டுபிடிக்கிறாள். அப்படியானால் நல்ல பெயர் மறுபடியும் அவளுக்கு, என் கை ஓடவில்லை. மூன்றாவதில் பெமிலா வேலையை விட்டு –

இல்லை. உள்ளது இவ்வளவுதான். நேர்முகம் பன்னிரண்டுக்கு முடியும். ரீத்தா தங்கையின் பையை மடியில் வைத்துக்கொண்டு மதிலோரம் உட்கார்ந்திருக்கிறாள். மேசையிலிருந்து இருபது அடி. இப்போது கூப்பிட்டாலும் டோக்கன் கொடுத்துவிடலாம். கூப்பிட்டால் அவள் கேட்பாள்: “அப்பம் ஏன்க்கா பேரில்லன்னு சொன்னிய?”

பெமிலாவை நாற்காலியிலிருந்து எழுப்பி நிறுத்திவிட்டேன். அதற்குமேல் நகர்த்த என்னால் ஆகவில்லை. மணி பதினொன்றே முக்கால். நீங்கள் வந்து அவள் இடத்தில் நில்லுங்கள். ரீத்தாவுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று யோசித்துவிட்டு, கூப்பிடுங்கள்.