சால்வைக்குள் பச்சைத் தலை

யதுர்ஷா தலையைச் சுற்றிச் சால்வை கட்டி ஐம்பத்திரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. அதற்குள் அந்த மீன் ஆய்வுகூடத்தில் அவள் வேறொருத்தியாகிவிட்டாள்.

காரணம் சின்னது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தலைமுடிக்குச் சாயம் பூசினாள். பெட்டியில் மண்ணிறம் என்று போட்டிருந்தது. வந்தது கறிவேப்பிலைப் பச்சை. சலூனில் வெள்ளிக்கிழமைதான் இடம் கிடைத்தது. அதுவரைக்கும் அம்மாவின் கறுப்புச் சால்வை.

திங்கள் காலை குழுத்தலைவி தூர்டிஸ் அவளோடு மிக மெதுவாக, சொல் சொல்லாகக் கதைத்தாள். யதுர்ஷா பிறந்ததே ஒஸ்லோவில்தான். செவ்வாய் மதியம் யதுர்ஷா வழக்கம்போலப் பன்றி இறைச்சித் துண்டைப் பாணில் வைத்தபோது, தூர்டிஸ் குனிந்து கிசுகிசுத்தாள்: “பயப்படாதே. உன் வீட்டாருக்கு யாரும் சொல்ல மாட்டோம்.”

பக்கத்து மேசை ஜெஸீமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலையிடத்தில் அவள் வெறும் ஜெசி. அவள் முஸ்லிம் என்பது அங்கே யதுர்ஷாவுக்கு மட்டும்தான் தெரியும். பெருநாளுக்கு ஜெஸீமா வீட்டுக்குப் போய் மூன்று கிண்ணம் வட்டிலப்பம் சாப்பிட்டவள் யதுர்ஷா. மற்றவர்கள் கேட்டதில்லை. ஜெஸீமாவும் சொன்னதில்லை. ஜீன்ஸ், திறந்த தலை. அங்கே இறைச்சி எதையும் தொடாததால் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவள் என்று நினைத்துக்கொண்டார்கள். பள்ளியில் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அந்த வருடம் முழுக்க எல்லோரும் அவளை அடிபட்ட பூனையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அது போதும் என்று இருந்துவிட்டாள்.

புதன் காலை யதுர்ஷா தூர்டிஸின் அறையிலிருந்து அழுத முகத்தோடு வந்தாள்.

“என்னடி?” என்றாள் ஜெஸீமா.

“துரொண்ட்ஹெய்ம் மாநாட்டுக்கு என்னை அனுப்பேல்லையாம். ராத்தங்கிற பயணமாம், வீட்டில எனக்குப் பிரச்சினை வருமாம்.”

ஒரு வருடமாக சால்மன் செவுள்களைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்தவள் அவள். அடுத்த கிழமை அதைப் பற்றி அங்கே பேச வேண்டியவளும் அவள்தான்.

“நான் முஸ்லிம் இல்லையெண்டு சொல்லன்.”

“வாய் வரைக்கும் வந்தது. பிறகு உன்ரை முகம் ஞாபகம் வந்திட்டுது. ஏதோ குற்றத்தை மறுக்கிற மாதிரியெல்லோ இருக்கும்? நான் சொல்லேல்லை.”

“அப்ப சால்வையையாவது கழட்டன்.”

“செத்தாலும் மாட்டன்! தவளை மாதிரி இருக்கிறன்டி.”

ஜெஸீமா சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். தூர்டிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“ஜெசி, யதுர்ஷாவுக்குப் பதிலாக நீ துரொண்ட்ஹெய்முக்குப் போ. உனக்கு வீட்டில் தடை ஒன்றும் இல்லைதானே? நீ எங்களைப் போல.”

மேசை முழுக்கப் புன்னகைத்தது. நல்ல மனிதர்கள், அதுதான் கஷ்டம். ஓம் என்று தலையாட்டினால் போதும், நாளைக்கும் ஜெசியாகவே இருக்கலாம். எதிரே யதுர்ஷா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சால்வை ஓரத்தில் ஒரு பச்சை முடி எட்டிப் பார்த்தது.

ஜெஸீமா வாயிலிருந்த பாலாடைக்கட்டியை விழுங்கினாள்.

“தடை இல்லை, தூர்டிஸ். என் வீட்டிலும் இல்லை, அவள் வீட்டிலும் இல்லை. அது அவளுடைய ஆய்வு, அவள் போகட்டும்.” தட்டைத் தள்ளி வைத்தாள். “இன்னொன்று. இந்த மேசையில் முஸ்லிம் அவள் இல்லை. நான்.”